பதின்மூன்றுக்கு மேலே ஒரு சீட்டு

அத்தியாயம் 7

குணவதி அன்ரி ரோல்ஸ் தட்டை மேசையில் வைத்த சத்தத்திலேயே அவருக்கு யாரிலோ மனத்தாங்கல் என்பது நிலாணிக்கு விளங்கிவிட்டது.

“போன கிழமை நூற்றிமுப்பது அனுப்பினனான் பிள்ளை. அறுபது திரும்பி வந்தது. ஆட்டிறைச்சி ரோல்ஸ். கலியாண வீட்டிலயோ செத்த வீட்டிலயோ என்ர ரோல்ஸ் திரும்பி வந்ததெண்டு ஆரும் சொல்லட்டும் பாப்பம்.”

“இண்டைக்குப் போறதிலயும் அறுபது திரும்பத்தானே போகுது அன்ரி,” என்றார் வாகீசன். “அதில மூண்டை நான் இஞ்சயே குறைச்சு விடுறன்.”

மூன்றாவது ஏற்கெனவே அவர் வாயில் பாதி இருந்தது. முப்பது வருடம் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். இப்போது துப்பறியும் நிலாணிக்குக் கார் ஓட்டுகிறார். கேட்காமலே அபிப்பிராயமும் சொல்கிறார்.

நிலாணி சிரிக்கவில்லை. அஜின்கோர்ட்டில் இருந்த அந்தச் சிறிய கடைக்கு அவள் ரோல்ஸ் சாப்பிட வரவில்லை. தம்பியின் பெயரைத் திரும்ப வாங்க வந்திருந்தாள்.

டெனிஸ்டனும் றொய்சனும் கூட்டாக ஒரு கம்பனி நடத்தினார்கள். பிறம்ரனில் களஞ்சியம். பழைய மாணவர் சங்கங்கள் நிதி சேர்க்கும் விழா வைத்தால், இவர்கள் பிளாக்ஜாக் மேசைகளைக் கொண்டுவந்து போடுவார்கள். சங்கத்துக்கு ஒரு நிலையான தொகை, மேசை வெல்வது கம்பனிக்கு. ஐந்து மாதத்துக்கு முன் ஒரு விழாவில், மேசை எல்லாரையும் விழுங்குகிறது என்று சனம் முணுமுணுத்தபோது, டெனிஸ்டன் மைக்கைப் பிடித்தான். “சீட்டுப் போட்ட ராகுலன்ர கை சுத்தமில்லை. அவரை இண்டையோட நிப்பாட்டியாச்சு,” என்று நானூறு பேருக்கு முன்னால் சொன்னான்.

ராகுலன் நிலாணியின் தம்பி. அன்றிலிருந்து ரூஜ் பகுதியில் அவளுடைய வீட்டின் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறான். பேசியிருந்த கலியாணம் நின்றுவிட்டது. தமிழ்க் கடைக்குப் பால் வாங்கக்கூடப் போவதில்லை. அவள் கொதித்தால், “விடுங்கோ அக்கா, ஆக்கள் மறந்திடுவினம்,” என்பான். அந்தப் பொறுமைதான் அவளை அதிகம் எரித்தது. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கான கோபத்தையும் அவள் ஒருத்தியே சுமக்க வேண்டியிருந்தது.

அவளுக்கு டெனிஸ்டனின் குரல் உடைவதைக் கேட்க வேண்டும். அதற்கு நீதி என்று பெயர் வைக்கலாம்தான். தனக்குத்தானே பொய் சொல்வது அவளுக்குப் பிடிக்காது. அது பழி.

இரண்டு கிழமைக்கு முன் றொய்சன் அவளைத் தேடி வந்தான். “உங்கட தம்பி செய்யேல்லை அக்கா. எனக்கு வடிவாத் தெரியும். அவர் போனபிறகும் மேசை அதே மாதிரித்தான் வெல்லுது. ஆர் எண்டு நீங்கள்தான் பிடிக்கவேணும்.” ஐந்து மாதத்தில் அப்படிச் சொன்ன ஒரே ஆள் அவன். அவன் போனபிறகு நிலாணி கதவைச் சாத்திவிட்டு அழுதாள்.

“நூற்றிமுப்பது எண்ட கணக்கு ஆர் குடுக்கிறது அன்ரி?” என்று இப்போது கேட்டாள்.

“டெனிஸ்டன் தம்பிதான். பிளாக்ஜாக் விழுந்த ஆளுக்கு ஒரு ரோல்ஸ் இனாம் எண்டு அவைக்கு ஒரு வழக்கம். வீணாப் போகுது, கொஞ்சம் குறைப்பம் எண்டு நானே சொல்லிப் பாத்தன். கணக்குப் பிழைக்காது அன்ரி எண்டு என்னோட வாதாடுறார்.”

நிலாணி ஒரு நாப்கினில் எழுதிப் பார்த்தாள். முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தும், அல்லது ஏஸும் படச்சீட்டும் விழுந்தால் அது பிளாக்ஜாக். நேர்மையான மேசையில் இருபத்தொரு கைக்கு ஒன்று விழும். இரண்டு மேசை, நாலு மணித்தியாலம், சுமாராக இரண்டாயிரத்து எண்ணூறு கை. நூற்றிமுப்பது சரி.

சனம் தின்றது எழுபது.

*

“எனக்கு விளங்குற மாதிரிச் சொல்லும் தங்கச்சி,” என்றார் வாகீசன், காரை வீதிக்கு எடுத்தபடி. “இருபத்தொண்டுக்குக் கிட்டப் போகவேணும், தாண்டினால் துலைஞ்சம். அவ்வளவும் தெரியும். மிச்சத்தைச் சொல்லும்.”

“மேசை எப்பவும் கொஞ்சம் தன்ர பக்கம் சரிஞ்சுதான் நிக்கும் அண்ணை. எவ்வளவு சரிவு எண்டதை விதி தீர்மானிக்கும். பத்து டொலர் வைச்சு உங்களுக்கு பிளாக்ஜாக் விழுந்தால் பதினைஞ்சு தாற மேசை நல்ல மேசை. பன்னிரண்டு தந்தால், நூறு டொலருக்கு ஒரு டொலர் நாற்பது சதம் அவைக்குக் கூடப் போகும்.”

“மூண்டு டொலர் குறைஞ்சால் ஆர் கவனிக்கப் போகினம்.”

“அதுதான் அதின்ர கெட்டித்தனம். பிறகு, ஏஸும் ஆறும் சேர்ந்து பதினேழு வந்தால் சீட்டுப் போடுறவர் அதிலயே நிண்டால் உங்களுக்கு நல்லம். இன்னொண்டு எடுக்கலாம் எண்டு விதியிருந்தால் இன்னொரு இருபது சதம் போச்சு. கையைப் பிரிச்சபிறகு பந்தயத்தை இரட்டிக்கலாமோ, தோத்துப்போவன் எண்டு தெரிஞ்சால் அரைவாசியோட விலகலாமோ, எல்லாத்துக்கும் ஒரு விலை இருக்கு.”

“இவையின்ர பலகையில என்ன கிடக்கு?”

நிலாணி தொலைபேசியில் விதிப்பலகையின் படத்தைக் காட்டினாள். “எல்லாம் சனத்தின்ர பக்கம். பிழைவிடாமல் விளையாடுற ஆளிட்டை, நூறு டொலருக்கு நாற்பது சதம்கூட மேசைக்கு நிக்காது.”

“நாற்பது சதத்துக்கே பிறம்ரனிலயிருந்து லொறியில மேசை ஏத்திக்கொண்டு வாறாங்கள்? என்ர பஸ்சில காசு குடுக்காமல் ஏறினவனே அதைவிடக் கூடச் சில்லறையைச் சீற்றில விட்டிட்டுப் போவான்.”

“விதி உண்மை அண்ணை. ஒரு எழுத்தும் பொய்யில்லை. அப்ப பொய் வேற எங்கையோ இருக்கவேணும். பலகையில இருக்கிறதைச் சனம் வாசிக்கும். சீட்டுப் பெட்டிக்குள்ள இருக்கிற காட்ஸை ஆர் வாசிக்கிறது? ஏஸும் படமும் குறைஞ்சிருக்கவேணும், இல்லாட்டிச் சின்னக் காட்ஸ் கூடியிருக்கவேணும். ஒரு கட்டில ரெண்டிலயிருந்து ஆறு மட்டும் இருபது சீட்டுத்தான். பிளாக்ஜாக் பாதியாக் குறையிறதுக்கு மேசைக்கு நூறு சின்னச் சீட்டாவது கூட வேணும், அதுக்கு ஒருத்தன் எங்க போவான்?”

“எங்கட சீட்டுக் கிளப்புக்குப் போவான்,” என்றார் வாகீசன். “சீட்டில முந்நூற்று நாலு விளையாடுறவனுக்கு ஏழுக்குக் கீழ எல்லாம் குப்பை. எடுத்து எறிஞ்சுபோட்டுத்தான் ஆட்டமே துவங்கிறது.”

நிலாணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். “காரைத் திருப்புங்கோ.”

“சிவப்பு லைற்றில நிக்கிறன் தங்கச்சி. அதுக்குப் பிறகு உம்மட பேச்சுத்தான்.”

*

கிளப் என்பது பல் வைத்தியருக்கும் சாறிக் கடைக்கும் இடையில் ஓர் அறை. ஞாயிறு காலையில் மூன்று மேசை நிறைந்திருந்தது. செயலாளர் குலசிங்கம் சீட்டை நெஞ்சோடு அணைத்தபடியே பதில் சொன்னார்.

“சின்னக் காட்ஸோ? முந்தி நாங்கள் எடுத்து எறியவேணும். இப்ப எறிஞ்சுபோட்டே வருது. ஒவ்வொரு மாசமும் பத்துக் கட்டு இனாம். வாசல்ல அட்டைப்பெட்டி கிடக்கும். ஏழு, எட்டு, ஒன்பது எண்டு எங்களுக்கு வேண்டினது மட்டும் எண்ணி வைச்சிருக்கும்.”

“ஆர் அண்ணை தாறது?”

“பெட்டியில டெனிஸ்டன்ர பேர் ஒட்டிக் கிடக்கு. எங்கட சனத்தில இப்பிடி யோசிச்சுச் செய்யிற ஆள் ஆர் இருக்கினம், சொல்லுங்கோ.”

“அவர் கொண்டுவாறதைக் கண்டனீங்களோ?”

“ஆரும் கண்டதில்லை. நல்ல மனுசர் சொல்லாமல்தானே செய்வினம்.”

“குலம், நீ விளையாடுறியோ, வாக்குமூலம் குடுக்கிறியோ?” என்று எதிரில் இருந்தவர் சினந்தார்.

நிலாணி ஒரு சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். நீல முதுகில் வெள்ளைக் கிரீடம். பிளாக்ஜாக் மேசையின் சீட்டும் அதேதான். மேசைக்கு ஐந்து கட்டு, நூறு சின்னச் சீட்டு. அவ்வளவையும் பெட்டிக்குள் கலந்தால், நாற்பது சதச் சரிவு ஐந்தாறு டொலராக ஏறும். பலகையில் ஓர் எழுத்தும் மாறாது.

டெனிஸ்டன். அந்தப் பெயரை அவள் மனதுக்குள் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பார்த்தாள். சுடச்சுடத் தேநீர் குடித்ததுபோல் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியது. இவ்வளவு நாளும் தனக்குள் இருந்தது துக்கம் என்று நினைத்திருந்தாள். துக்கம் இப்படி ருசிக்காது.

வெளியில் வந்ததும் வாகீசன் சொன்னார்: “பிறகென்ன. போய்ப் பெட்டியைக் கவிழ்ப்பம்.”

“கவிழ்த்தால் என்ன நடந்தது எண்டு தெரியும். ஆர் செய்தது எண்டு தெரியாது. இன்னொரு பாவியைக் கைகாட்டிப்போட்டு அவன் நிண்டிடுவான். அவன்ர கையே அவனைக் காட்டிக் குடுக்கவேணும்.”

“கை எப்பிடிப் பேசும்?”

“உங்களிட்டைப் பதின்மூண்டு இருக்கு. சீட்டுப் போடுறவர் ஆறைக் காட்டிக்கொண்டு நிக்கிறார். துணியைத் தொட்டு இன்னொரு சீட்டுக் கேப்பியளோ?”

“தொட்டுப் பத்து விழுந்தால் நான் துலைஞ்சன்.”

“ஓம். அதால நேர்மையான மேசையில ஆரும் தொடமாட்டினம். அவர் தாண்டட்டும் எண்டு பேசாமல் இருப்பினம். ஆனால் பெட்டி நிறையச் சின்னச் சீட்டெண்டால் எல்லாம் தலைகீழ். அவர் தாண்டமாட்டார். நீங்கள் தொட்டாலும் துலையமாட்டியள். பெட்டிக்குள்ள என்ன கிடக்கெண்டு தெரிஞ்சவன் மட்டும்தான் பதின்மூண்டில துணிஞ்சு தொடுவான்.”

ஒன்பது வருடம் அவள் ஒரு கசினோவின் கமரா அறையில் இருந்தவள். கூரையிலிருந்து பார்த்தால் முகம் தெரியாது. அவள் படித்ததெல்லாம் கைகளைத்தான்.

*

மண்டபக் கதவு இரண்டு மணிக்குத்தான் திறக்கும். ஒரு மணிக்கு நிலாணியும் வாகீசனும் போனபோது உள்ளே டெனிஸ்டனும் றொய்சனும் மட்டும் நின்றார்கள். டெனிஸ்டன் அவளைக் கண்டதும் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தான்.

“ராகுலன்ர அக்காவெல்லே. தம்பிக்குத் திரும்ப வேலை கேட்டு வந்தனீங்களோ?”

றொய்சன் இடையில் வந்தான். “சங்கம்தான் ஆரையும் வைச்சு மேசையை ஒருக்காப் பாக்கச் சொன்னது மச்சான். ரெண்டு நிமிசம். வா, நானும் இருக்கிறன்.”

சீட்டுப் பெட்டி நிரப்பியபடி மேசையில் இருந்தது. நிலாணி இரண்டு பேரையும் இருத்திவிட்டு, மறுபக்கம் நின்று சீட்டுப் போடத் தொடங்கினாள். வேகமாகப் போட்டாள், இடைவிடாமல் விதிகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டே போட்டாள். யோசிக்க நேரம் கிடைக்காத கை பழகியதைத்தான் செய்யும். துணியைத் தட்டினால் இன்னொரு சீட்டு. கையை வீசினால் போதும் என்று அர்த்தம்.

நாலாவது ஆட்டத்தில் அவளுக்கு ஆறு விழுந்தது. டெனிஸ்டனிடம் பத்தும் மூன்றும்.

தொடு, என்று அவள் மனம் அவனை ஏவியது. தொடு.

டெனிஸ்டன் கையை வீசினான். போதும்.

நிலாணி தனக்கு எடுத்தாள். நாலு, மூன்று, ஐந்து. பதினெட்டு. டெனிஸ்டன் தோற்றான். இரண்டு ஆட்டம் கழித்து அவனிடம் பன்னிரண்டு, அவளிடம் ஐந்து. மறுபடியும் கையை வீசினான், மறுபடியும் தோற்றான். உதட்டைக் கடித்துக்கொண்டு, தோற்கத் தோற்க, புத்தகத்தில் உள்ளபடியே விளையாடினான். இந்த மனிதன் தன் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இருந்தான்.

“டேய்,” என்று டெனிஸ்டன் திடீரென்று சிரித்தான். “டீலர்மாருக்குப் படிப்பிக்கிற நீயே பதின்மூண்டில தொடுறாய்?”

நிலாணி குனிந்து பார்த்தாள். அவளுடைய கை ஏற்கெனவே றொய்சனுக்கு ஒரு சீட்டைக் கொடுத்திருந்தது. அவனிடம் பதின்மூன்று இருந்தது. அவளுக்கு முன்னால் ஆறு. அவனை அவள் பார்க்கவே இல்லை. ஆட்டத்துக்குத் துணையாகத்தான் இருத்தியிருந்தாள்.

“கை தவறிப் போச்சு மச்சான்,” என்றான் றொய்சன்.

அடுத்ததற்கு அடுத்த ஆட்டத்தில் றொய்சனிடம் பன்னிரண்டு, அவளிடம் ஐந்து. அவன் விரல் துணியை நோக்கி இறங்கியது. பாதியில் நின்றது. பிறகு, வேறொருவருடைய கையைப்போல், மெதுவாக வீசியது.

பின்கதவில் யாரோ தட்டினார்கள். “ரோல்ஸ் வந்திட்டுது,” என்று டெனிஸ்டன் எழுந்து போனான். “அன்ரி, நூற்றிமுப்பதும் இருக்கோ?” என்று அவன் கேட்பது நடைபாதையிலிருந்து கேட்டது.

மேசையில் பிளாக்ஜாக் பாதிதான் விழும் என்று தெரிந்தவன், முழுக் கணக்குக்கு ரோல்ஸ் சொல்லி, அதைக் குறைக்கமாட்டேன் என்று கடைக்காரியோடு வாதாடுவானா? காலையிலேயே குணவதி அன்ரி அதைச் சொல்லியிருந்தார். நிலாணியின் காதுக்குள் அது போயிருந்தது. அவள் கோபம்தான் அதை உள்ளே விடவில்லை.

“எனக்கு வடிவாத் தெரியும் எண்டு சொன்னனீங்கள்,” என்றாள் றொய்சனிடம். “என்ர தம்பி செய்யேல்லை எண்டு. உங்களுக்குத் தெரியாமல் வேற ஆருக்குத் தெரியும்.”

றொய்சன் மறுக்கவில்லை. பந்தயச் சிப்ஸ்களை அடுக்கிக்கொண்டு, தாழ்ந்த குரலில், ஏறக்குறைய அன்பாகச் சொன்னான்.

“அக்கா, அட்டைப்பெட்டியில அவன்ர பேர் இருக்கு. கிளப்பிலயும் அவன்ர பேர்தான் சொல்லுவினம். பெட்டியைக் கவிட்டுப்போட்டு டெனிஸ்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. அவன் போயிடுவான், கொம்பனி எனக்கு. உங்கட தம்பியின்ர பேரும் கழுவுப்படும். அண்டைக்கு உங்கட தம்பியை மைக்கில வைச்சுக் கிழிச்சது அவன்தானே. நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை.”

“அதைத்தான் நானும் யோசிக்கிறன்,” என்றாள் நிலாணி. “நீங்கள் ஒரு சொல்லும் சொல்லேல்லை.”

ஆனாலும் அவள் உடனே அசையவில்லை. அவன் நீட்டியது அவள் ஐந்து மாதம் கேட்டு வேண்டியது. ராகுலனின் பெயர் எப்படியும் மீளும். டெனிஸ்டன் ஒழிவான். இந்த மேசையில் நடந்ததைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவளும் வாகீசனும்தான். அவளைத் தடுத்தது நேர்மை என்று அவள் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. நகரத்தில் எத்தனையோ துப்பறிவாளர் இருக்க, இவன் அவளிடம் வந்தது அவளுடைய கண்ணுக்காக அல்ல. அவள் கோபம் எந்தப் பக்கம் சரிந்து நிற்கிறது என்று இவன் அளந்து வைத்திருந்தான். அவள் தனியாக, பட்டினி கிடந்து வளர்த்த கோபம். அதை இன்னொருவன் தன் வண்டியில் பூட்டப் பார்த்திருக்கிறான்.

“வாகீசண்ணை, பெட்டியைக் கவிழுங்கோ.”

வாகீசன் கவிழ்த்தார். மேசையில் போட்ட சீட்டையும் சேர்த்து, ஏழுக்குக் கீழே எல்லாவற்றையும் ஒரு பக்கம் ஒதுக்கி எண்ணினார். பெட்டிக்கு ஆறு கட்டு, அதில் நூற்றிருபது இருக்க வேண்டும். இருநூற்றிருபது இருந்தன.

றொய்சன் கதவைப் பார்த்தான்.

“வெளியில குளிர் மைனஸ் பன்னிரண்டு தம்பி,” என்றார் வாகீசன். “உம்மட ஜக்கெற்றுக்கு மேலதான் நான் இருக்கிறன். கார்த் திறப்பும் அதின்ர பொக்கற்றுக்குள்ள குத்துது.”

*

டெனிஸ்டன் திரும்பி வந்து எல்லாவற்றையும் கேட்டான். முதலில் நம்பவில்லை. பிறகு சீட்டுக் குவியலைப் பார்த்தான், றொய்சனின் முகத்தைப் பார்த்தான், கதிரையில் இருந்துவிட்டான்.

“உங்களுக்கு நான் நன்றி சொல்லவேணும்,” என்றான் கடைசியில்.

“வேண்டாம்.”

“ராகுலனுக்கு இண்டைக்கே ஒரு ஈமெயில் போடுறன். வேலைக்கும் திரும்ப வரச்சொல்லி…”

“நீங்கள் அண்டைக்கு ஈமெயிலிலயோ சொன்னனீங்கள்?”

“சனத்துக்கு முன்னால எண்டால் எங்கட கொம்பனியே…”

“சனம் வரட்டும்,” என்றாள் நிலாணி. “அண்டைக்கு வந்த அத்தனை பேரும் வந்து இருக்கட்டும். அதுமட்டும் நீங்கள் இந்த மேடைப் படியில இருங்கோ. நான் பக்கத்தில இருக்கிறன்.”

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவனை இருத்தினாள். மண்டபம் நிறைவதை அவன் பார்த்தான். தெரிந்தவர்கள் கையசைத்தார்கள், அவன் திருப்பி அசைத்தான், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைவாக. நிலாணி ஒவ்வொன்றையும் பார்த்திருந்தாள். ஒரு நிமிடத்தையும் அவனுக்குத் தள்ளுபடி செய்ய அவளுக்கு மனமில்லை.

பிறகு அவன் மைக்கை எடுத்தான். நிலாணி வீட்டுக்கு அழைத்து, தம்பி எடுத்ததும் தொலைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

“ஐஞ்சு மாசத்துக்கு முன்னம் நான் இந்த மைக்கில ஒரு பிழையான கதை சொன்னனான். எங்களிட்ட வேலை செய்த ராகுலன் ஒரு களவும் செய்யேல்லை. களவு செய்தது என்ர பங்காளி. விசாரிக்காமல் ஒரு பிள்ளையைச் சனத்துக்கு முன்னால வைச்சு நான்…” குரல் அந்த இடத்தில் உடைந்தது.

அவள் ஏங்கிய சத்தம் அதுதான். நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. மண்டபம் இரைந்தது.

தொலைபேசியைக் காதில் வைத்தாள். தம்பி விடுங்கோ அக்கா என்பான், அழுவான், அல்லது வைத்துவிடுவான் என்று காத்திருந்தாள்.

“அக்கா,” என்றான் ராகுலன். குரல் வறண்டு, தெளிவாக இருந்தது. “ரொறன்ரோவில நூறு ராகுலன் இருப்பினம். அப்பாவின்ர பேரோட முழுப்பேரையும் சொல்லச் சொல்லுங்கோ. முதல்லயிருந்து.”

டெனிஸ்டன் மைக்கை வைத்துவிட்டுப் படியிறங்கத் தொடங்கியிருந்தான். நிலாணி இரண்டு படி ஏறி, வழியை மறித்து நின்றாள்.